ஒரு லோடு, இரண்டு அறிக்கை: கடலையில் பூஞ்சை நச்சைப் பார்க்க எந்தச் சோதனை?

ஒரே லோடு வேர்க்கடலை, ஒரே ஆய்வகம், ஒரே முறை. ஒரு வார இடைவெளியில் இரண்டு கவர் அனுப்பினோம். முதல் அறிக்கையில் அஃப்ளாடாக்ஸின் என்ற பூஞ்சை நச்சு மொத்தம் கிலோவுக்கு 3 மைக்ரோகிராம். இரண்டாவதில் 41. மேற்கொண்டு பக்குவப்படுத்தப் போகிற கடலைக்குச் சட்டம் விட்டிருக்கும் எல்லை 15, அப்படியே தின்னக் கொடுப்பதற்கு 10. முதல் தாளை நம்பினால் வறுவல் சட்டியைப் பற்றவைக்கலாம். இரண்டாவதை நம்பினால் இருபது மூட்டையையும் திருப்பி ஏற்ற வேண்டும்.

ஆய்வகத்தைக் கூப்பிட்டுக் கொஞ்சம் சத்தமாகவே பேசினேன். அந்தப் பக்கம் இருந்தவர் கோபப்படவில்லை. "சார், மாதிரி எப்படி எடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

மேலே கிடந்த மூட்டையைப் பிரித்து, கையை விட்டு இரண்டு பிடி, ஒரு ஜிப் கவர். அடுத்த வாரம் வேறொரு மூட்டையிலிருந்து இன்னும் இரண்டு பிடி.

கொளத்தூரில் ஒரு செக்கு, வறுவல் சட்டி, பொடி மெஷின் வைத்துச் சின்னதாகத் தொழில் செய்கிறோம். கடலை எண்ணெய், கடலை உருண்டை, இட்லிப் பொடி, சத்துமாவு. பெரிய கடை ஒன்று சரக்கு எடுக்க முன்வந்தபோது "அஃப்ளாடாக்ஸின் ரிப்போர்ட் குடுங்க" என்றார்கள். அதுவரை பூஞ்சை என்றால் எங்களுக்குக் கண்ணில் படுகிற பச்சைப் பூசணம்தான். ஸ்ட்ரிப், எலைசா, ஹெச்பிஎல்சி என்று ஆளுக்கொரு சோதனையைச் சொன்னார்கள். அதையெல்லாம் பார்த்துத் தேறியதை, இதே நிலையில் இருக்கும் சின்ன உற்பத்தியாளர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் எதிரியைப் பற்றி நாலு வரி. அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ், அஸ்பர்ஜில்லஸ் பாராசிட்டிகஸ் என்ற இரண்டு பூஞ்சைகள் கடலையிலும் மக்காச்சோளத்திலும் மிளகாயிலும் வளரும்போது சுரப்பது அஃப்ளாடாக்ஸின். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தபோதுதான் உலகம் இதைக் கண்டுகொண்டது. அவை தின்றது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. நம் நாட்டில் 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப்புறக் கிராமங்களில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஈரல் பாதிக்கப்பட்டு இறந்தார்கள். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் வகுப்பில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை வைத்திருக்கிறது. வறுத்தால் குறையும், போகாது. இது முழுக்கச் சிதைய 230 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் கடலை கரியாகிவிடும். பூசணத்தைத் துடைத்துவிட்டு வெயிலில் காயவைத்தாலும் ஏற்கெனவே சுரந்தது உள்ளேயே இருக்கும். மிக்ஜாம் புயலுக்குப் பிறகு நனைந்த மூட்டைகளை மொட்டை மாடியில் காயப்போட்டு "சரியாயிடுச்சு" என்று விற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். பார்வைக்குச் சரியாகத்தான் இருந்தது.

அந்த 3-க்கும் 41-க்கும் வருகிறேன். மஞ்சள் தூளில் கலப்படம் இருந்தால் எந்தச் சிட்டிகையிலும் அது இருக்கும். கடலையில் இந்த நச்சு அப்படிப் பரவிக் கிடப்பதில்லை. ஆயிரக்கணக்கான நல்ல பருப்புக்கு நடுவே ஒன்றிரண்டில் மட்டும் குவிந்து கிடக்கும். மோசமாகக் கெட்ட ஒற்றைப் பருப்பில் கிலோவுக்குப் 10 லட்சம் மைக்ரோகிராம் என்ற கணக்கைத் தாண்டியும் அளந்திருக்கிறார்கள். அரை கிராம் எடையுள்ள அப்படி ஒரு பருப்பில் 500 மைக்ரோகிராம் நச்சு இருக்கும். அது ஒன்றே பத்துக் கிலோ சுத்தமான கடலையை 50-க்குக் கொண்டுபோய்விடும்.

ஒரு டன் லோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சுமார் 20 லட்சம் பருப்பு. நூறு பருப்பு மட்டும் அப்படிக் கெட்டது என்றால் லோடின் சராசரி 50; எல்லையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். இதிலிருந்து 200 கிராம் எடுத்தால் 400 பருப்பு வரும். அதில் ஒரு கெட்ட பருப்பாவது சிக்க நூற்றில் இரண்டு வாய்ப்புதான். மீதித் தொண்ணூற்றெட்டு தடவையும், உலகத்திலேயே விலை உயர்ந்த மெஷினில் போட்டாலும், "சுத்தம்" என்றுதான் தாள் வரும். 5 கிலோ எடுத்தால் நூற்றுக்கு 39 தடவை சிக்கும். 20 கிலோ எடுத்தால் 86. ஐரோப்பிய நாடுகள் பெரிய லோடுகளுக்கு நூறு இடங்களில் குத்தி 20 கிலோ மாதிரி கேட்பது இதனால்தான். இது கொஞ்சம் மிகைப்படுத்திய கணக்கு. நிஜ லோடில் அரைகுறையாகக் கெட்ட பருப்புகளும் நிறைய இருக்கும் என்பதால் 5 கிலோவே பரவாயில்லாமல் பேசும். ஆனால் இரண்டு பிடி எதையும் பேசாது. எனவே எந்தச் சோதனை என்று தேர்வு செய்யும் முன், 5 கிலோ மாதிரியை எடுத்து அரைக்கத் தயாரா என்று உங்களை நீங்களே கேளுங்கள். இல்லையென்றால் சோதனைக்கு வைத்திருக்கும் பணத்தைச் சொத்தை பொறுக்குகிறவர்களுக்குக் கூலியாகக் கொடுங்கள், அதிலாவது பலன் உண்டு.

இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. பொறுக்குவதும் ஒரு வழிதான். அது அளக்காது, ஆனால் குறைக்கும். நிறம் மாறியது, சுருங்கியது, தோல் உரிந்து பாதியாக உடைந்தது, வண்டு துளைத்தது இவற்றில்தான் நச்சு அதிகம் குவிந்திருக்கும். எங்களிடம் பொறுக்க வரும் அக்கா, முறத்தில் கடலையைப் பரப்பி ஒரு தட்டுத் தட்டினாலே இலேசானது முன்னால் வந்துவிடும். அதில் கசப்புக் கடலையை நகத்தால் கிள்ளி மோந்து பார்த்தே ஒதுக்குவார். பெரிய ஆலைகளில் இதையே தோலை உரித்துவிட்டு, நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சார்ட்டரில் ஓட்டிச் செய்கிறார்கள். கூடவே ஈரம் பார்க்கும் மீட்டர் ஒன்று. உரித்த பருப்பில் ஈரம் 7 சதவீதத்தைத் தாண்டினால் நாங்கள் இறக்குவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் குடோன் சுவர் வேர்க்கும்போது மரப்பலகை போடாமல் தரையில் அடுக்கினால், வாங்கும்போது நல்லதாக இருந்ததும் நம்மிடமே கெட்டுப்போகும். மீட்டர் ஒருமுறைச் செலவு. எல்லாவற்றுக்கும் முன்னால் வாங்க வேண்டியது அதைத்தான்.

நீல விளக்கு விஷயத்தை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன். "யூவி டார்ச் அடிச்சா விஷம் ஒளிரும்" என்று வீடியோக்கள் சுற்றுகின்றன. பிரித்தெடுத்த அஃப்ளாடாக்ஸின் ஒளிரும் என்பது உண்மை. நீலமாக ஒளிர்வதற்கு பி என்றும் பச்சையாக ஒளிர்வதற்கு ஜி என்றும் பெயர் வைத்ததே அதனால்தான். ஆனால் மக்காச்சோளத்தில் டார்ச் அடித்தால் தெரிகிற பச்சை மஞ்சள் மினுக்கம், பூஞ்சை சுரக்கும் வேறொரு அமிலத்திலிருந்து உண்டாவது. மினுங்கியது நச்சில்லாமல் இருக்கலாம், மினுங்காதது நச்சோடு இருக்கலாம். வேர்க்கடலைக்கு அதுவும் உதவாது. விட்டுவிடுங்கள்.

ஸ்ட்ரிப்: வாசலில் நிற்கும் காவல்

லாரி வாசலில் நிற்கிறது, இறக்குவதா வேண்டாமா என்று அரை மணி நேரத்தில் சொல்ல வேண்டும். இந்த ஒரு வேலைக்கு ஸ்ட்ரிப்பை விட்டால் வேறில்லை. ஒரு ஸ்ட்ரிப்புக்குச் சில நூறு ரூபாய் ஆகும்; ஆய்வகத்தில் ஒரு மாதிரிக்குச் சில ஆயிரம்.

அரைத்த மாவை நிறுத்து, 70 சதவீத மெத்தனாலில் போட்டு மூன்று நிமிடம் குலுக்கி, வடிகட்டி, கிட்டோடு வரும் திரவத்தில் நீர்க்கவைத்து, சில சொட்டு விடுகிறோம். ஐந்து பத்து நிமிடத்தில் கோடு எழும். புதிதாகப் பார்ப்பவர் இங்கேதான் தடுமாறுவார். நச்சு இல்லாவிட்டால் இரண்டு கோடு வரும். நச்சு கூடக்கூட இரண்டாவது கோடு மங்கி மறையும். ஸ்ட்ரிப்பில் பூசியிருக்கும் நச்சும் மாதிரியில் இருக்கும் நச்சும் ஒரே நிறத் துகள்களுக்குப் போட்டி போடுகின்றன. மாதிரியில் நச்சு அதிகம் இருந்தால் அது நிறத்தைப் பிடித்துக்கொள்ளும், கோட்டுக்கு மிச்சம் இராது. எங்கள் வீட்டில் முதல் தடவை ஒற்றைக் கோட்டைப் பார்த்துவிட்டு "நெகட்டிவ்" என்று சந்தோஷப்பட்டோம்.

இலேசாகத் தெரிகிற கோடு இருக்கிறதே, அதுதான் தகராறு. காலை வெளிச்சத்தில் எனக்குத் தெரிந்தது டியூப்லைட்டில் என் மனைவிக்குத் தெரியவில்லை. கோட்டின் அழுத்தத்தைப் படித்து எண்ணாகச் சொல்லும் ரீடர் உண்டு. மாதம் பத்து லோடுக்கு மேல் இறக்குகிறவர் அதை வாங்கலாம். எங்களைப் போன்றவர்கள், கோட்டில் சந்தேகம் வந்தாலே கெட்டது என்று வைத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு அனுப்புவது மலிவு. வாங்கும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். கிட் எத்தனையில் வெட்டுகிறது? 20-ல் கோடு மறைகிற கிட்டை 15 எல்லைக்கு வைத்துக்கொண்டு பயனில்லை. எந்தெந்தப் பொருளுக்குச் சரிபார்த்தது? கடலைக்கும் சோளத்துக்கும் செய்த கிட்டில் மிளகாய்த் தூளைக் கரைத்தால் சிவப்புச் சாயமே கோட்டைக் குழப்பும். நாங்கள் மிளகாய்க்கு ஸ்ட்ரிப்பைத் தொடுவதில்லை, நேரே ஆய்வகம்தான். இன்னொன்று, மெத்தனால் விஷம், தீப்பிடிக்கவும் செய்யும். வறுவல் சட்டி இருக்கும் அறையில் அதைத் திறக்காதீர்கள்.

எலைசாவும் இதே போட்டித் தத்துவம்தான், தொண்ணூற்றாறு குழித் தட்டில். நிறம் அடர்ந்தால் நச்சு குறைவு. ஹைதராபாத்தில் இருக்கும் இக்ரிசாட் நிறுவனம் நம் ஊர்க் கடலையை மனதில் வைத்தே மலிவாக ஒரு எலைசா முறையை உருவாக்கியது. ஆனால் கிட் மட்டும் போதாது. துளித்துளியாக அளந்து விடும் மைக்ரோபிபெட், தட்டைப் படிக்கும் ரீடர், கைப்பழக்கம் உள்ள ஓர் ஆள் வேண்டும். ஒரு மாதிரிக்காகத் தட்டைத் திறந்தாலும் அளவுகோலாக வைக்கும் தெரிந்த கரைசல்களுக்கே பல குழி போய்விடும். ஒரே நாளில் இருபது மாதிரி பார்க்கும் கோழித்தீவன ஆலைக்கும் எண்ணெய் ஆலைக்கும் கட்டுப்படியாகும். வாரம் ஒரு லோடு இறக்கும் ஆளுக்கு வேண்டாம்.

ஆய்வகத் தாள்

கடைக்காரர் கேட்பதும், உரிமத்துக்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதித்து வைக்க வேண்டியதும் இந்தத் தாள்தான். இங்கே ஹெச்பிஎல்சிதான் வழக்கமான முறை. மாதிரியைக் கரைத்து, அஃப்ளாடாக்ஸினை மட்டும் பிடித்துவைக்கும் எதிர்ப்புப் புரதம் நிரப்பிய சின்னக் குழல் வழியே விடுவார்கள். மற்றதெல்லாம் கழுவிப் போனபின், பிடிபட்டதை இறக்கி மெஷினில் செலுத்தினால் பி1, பி2, ஜி1, ஜி2 என்ற நாலு வகையும் தனித்தனியாக ஒளிரும். கிலோவுக்கு 1 மைக்ரோகிராமுக்குக் கீழும் அளக்கலாம். முன்பு கண்ணாடித் தகட்டில் புள்ளி வைத்து விளக்கடியில் கண்ணால் ஒப்பிட்டார்கள். அந்தத் தகட்டு முறையில் எடுத்த அறிக்கையை எங்கள் கடைக்காரர் வாங்கிக்கொள்ளவில்லை.

சென்னையில் தனியார் ஆய்வகங்களுக்குப் பஞ்சமில்லை. கிண்டி, அம்பத்தூர் பக்கம் பைக்கில் ஒரு சுற்றுப் போனாலே நாலு போர்டு கண்ணில் படும். ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பான என்ஏபிஎல்லின் சான்று இருக்கிறதா என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் அதோடு நிறுத்தாமல், "கடலையில் அஃப்ளாடாக்ஸின்" அந்தச் சான்றின் பட்டியலுக்குள் வருகிறதா என்று பாருங்கள். தண்ணீர்ச் சோதனைக்குச் சான்று வைத்துக்கொண்டு கடலையை வேறு இடத்துக்கு அனுப்பி வாங்கித் தருகிறவர்களும் உண்டு. பட்டியல் என்ஏபிஎல் இணையதளத்திலேயே கிடைக்கிறது. அறிக்கை வந்ததும் நாலு எண்ணும் தனியாக இருக்கிறதா, எந்த அளவுக்குக் கீழே அளக்க முடியாது என்று போட்டிருக்கிறதா, முறை என்ன என்று படியுங்கள். "கண்டறியப்படவில்லை" என்பது அந்தக் கீழெல்லை எத்தனை என்று தெரிந்தால்தான் பொருள் தரும்.

அப்புறம் தாளின் அடியில் பொடி எழுத்தில், முடிவுகள் அனுப்பப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும் என்று ஒரு வரி இருக்கும். எங்கள் 3-க்கும் 41-க்கும் விடை அந்த வரியில்தான் இருந்தது. ஆய்வகம் இரண்டு தடவையும் சரியாகத்தான் அளந்தது. இரண்டு பிடியைத்தான் அளந்தது.

எல்சி-எம்எஸ்/எம்எஸ் என்பது அடுத்த படி. ஒரே ஓட்டத்தில் பல நச்சுகளைப் பார்க்கும், கட்டணமும் கூடும். வெறும் கடலைக்கு இது தேவையில்லை. எங்கள் சத்துமாவுக்கு மட்டும் இதைத் தேர்ந்தெடுத்தோம். அதில் கடலை, மக்காச்சோளம், கோதுமை, கேழ்வரகு, பயறு எல்லாம் சேர்கிறது. கோதுமையில் ஆக்ரடாக்ஸினும் டிஆக்ஸிநிவலெனாலும் வரலாம், சோளத்தில் ஃப்யூமோனிசின் வரலாம். அஃப்ளாடாக்ஸின் குழல் அவற்றைக் கண்டுகொள்ளாது. அதோடு இந்த மாவு போவது கைக்குழந்தைகளுக்கு. ஐரோப்பாவில் குழந்தைத் தானிய உணவுக்கு பி1 எல்லை வெறும் 0.1. நமக்கு அந்தச் சட்டம் இல்லையென்றாலும், அந்த ஆழத்துக்கு அளக்கத் தெரிந்த ஆய்வகத்தில் வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பதை நான் கூடுதல் செலவாக நினைக்கவில்லை. ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு விவாதமே இல்லை: ஐரோப்பாவில் அப்படியே தின்னும் கடலைக்கு பி1 எல்லை 2, மொத்தத்துக்கு 4; வாங்குகிறவர் சொல்லும் முறையில்தான் சோதிக்க வேண்டும்.

எண்ணெயா, புண்ணாக்கா?

செக்குக்காரன் எழுதக் கூச்சப்படும் பகுதி இது. ஆட்டும்போது நச்சில் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும், ஒரு பங்கு எண்ணெயோடு வரும். ஆலையில் காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும்போது அந்தப் பங்கும் போய்விடும். எங்கள் எண்ணெயில் அது போகாது. "ரீஃபைண்டு விஷம், செக்குதான் அமுதம்" என்று போர்டு எழுதுகிற நண்பர்கள் இந்த ஒரு விஷயத்தில் வாயை மூடிக்கொள்வது நல்லது. செக்கு எண்ணெய் விற்கிறவன்தான் கடலையை அதிகம் சோதிக்கக் கடமைப்பட்டவன்.

புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. மாடு தின்ற பி1-ல் சில சதவீதம் எம்1 என்ற இன்னொரு வகையாக மாறிப் பாலில் வரும். பாலுக்கு எல்லை 0.5. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தபோது 368-ல் எம்1 எல்லை தாண்டியிருந்தது. மாநிலங்களில் அதிகம் தமிழ்நாட்டில்தான், 88 மாதிரி. அதைப் படித்த பிறகு, பொறுக்கி ஒதுக்கிய சொத்தையைத் தனியாக ஆட்டிப் புண்ணாக்காக விற்கும் பழக்கத்தை நிறுத்தினோம். இப்போது அது குப்பைக்கோ அடுப்புக்கோ போகிறது. கணக்குப் பார்த்தால் வலிக்கத்தான் செய்கிறது.

வீட்டுக்கு வாங்குகிறவர்கள் சோதனைக்கு அலைய வேண்டியதில்லை. கசந்தால் துப்பிவிட்டு அந்தப் பொட்டலத்தையே போடுங்கள், மிச்சத்தைப் பொறுக்கித் தின்ன வேண்டாம். கடையில் வாங்கியதில் பலமான சந்தேகம் இருந்தால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, வாங்கியவரே கட்டணம் கட்டிப் பகுப்பாய்வு செய்துகொள்ள வழி தருகிறது; சென்னையில் அரசு உணவுப் பகுப்பாய்வகம் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் இருக்கிறது. தொழில் செய்கிறவர்கள் 47-ஆம் பிரிவைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரி மாதிரி எடுத்தால் நாலு பங்காகப் பிரிப்பார். நீங்கள் கேட்டால் ஒரு பங்கை உங்கள் செலவில் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பியாக வேண்டும். அந்த நிமிடத்தில் கேட்க வேண்டும். பிறகு வருந்திப் பயனில்லை. அறிக்கை பாதகமாக வந்தால் மேல்முறையீட்டுக்கு 30 நாள்.

இப்போது எங்கள் நடைமுறை இதுதான். திண்டிவனம் பக்கத்திலிருந்து லோடு வரும். இருபது மூட்டையிலும் மேல், நடு, அடி என்று இரும்புக் குழலால் குத்தி, மூட்டைக்குக் கால் கிலோ. 5 கிலோ சேர்ந்ததும் ஒரு பருப்பு விடாமல் மெஷினில் ரவையாக உடைத்து, சுத்தமான தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கை எடுப்போம். மறுபடி கலந்து மறுபடி பிரித்தால் ஒன்றேகால் கிலோ நிற்கும். அதைக் குளிரவைத்து விட்டு விட்டு அரைத்தால் எண்ணெய் கக்காது. அதில் ஒரு பிடி ஸ்ட்ரிப்புக்கு. கோடு தெளிவாக எழுந்தால் இறக்குவோம். மூன்று லோடுக்கு ஒரு லோடும், கோடு மங்கிய எல்லா லோடும் ஆய்வகம் போகும்.

முதல் தடவை இதைச் செய்தபோது மண்டி அண்ணாச்சி இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். "மல்லாட்டைக்கு என்னய்யா பிரேதப் பரிசோதனை?" அந்த லோடு திரும்பிப் போனது. அடுத்த முறை அவரே போனில், "தம்பி, இந்தத் தடவை காய் நல்லா காஞ்சது, மழைக்கு முந்தி பிடுங்கினது, வேணும்னா குத்திப் பாத்துக்க" என்றார். பார்த்தோம். நன்றாக இருந்தது. மிச்சமான மாவை ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து, தேதியும் லோடு எண்ணும் எழுதி ஃபிரீசரில் வைத்திருக்கிறோம். ஐஸ்கிரீம் தேடி வரும் என் பையன் ஒவ்வொரு தடவையும் ஏமாறுகிறான்.